கஞ்சாச் சேர்மங்கள் நரம்பைக் காக்குமா? தண்டுவட மரப்பு நோயை முன்வைத்து ஓர் அறிமுகம்

"தண்டுவட மரப்பு நோய்க்குக் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ்) கஞ்சா நல்லது" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. நோயாளியின் காலில் உள்ள இறுக்கத்தையும் வலியையும் அது தளர்த்துகிறது என்பது முதலாவது. நரம்பைத் தாக்கவரும் நோய் எதிர்ப்பு செல்களை அது அடக்குகிறது என்பது இரண்டாவது. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே நரம்பணுக்கள் சாகாமல் தாக்குப்பிடிக்க அது உதவுகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் நரம்புக் காப்பு என்கிறார்கள். முதலாவதற்கு மனிதர்களிடமே ஓரளவு சான்று இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் எலிகளிடமும் பிற ஆய்வக விலங்குகளிடமும் வலுவான சான்று இருக்கிறது. மனிதர்களிடம் அது இதுவரை நிறுவப்படவில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், இந்தத் தலைப்பில் வரும் செய்திகளில் பாதியை நாமே எடைபோட்டுவிடலாம்.

நோயிலிருந்து தொடங்குவோம். பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் மார்ட்டின் ஷார்கோ 1868-இல் இதைத் தனியொரு நோயாக விவரித்தார். மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புபோல் கெட்டிப்பட்ட திட்டுகளை அவர் கண்டதால்தான் மரப்பு என்ற சொல் இதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களான டி செல்களும் பி செல்களும் மூளைக்குள் நுழைந்து, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதே இதன் அடிப்படை. உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-இல் கணக்கிடப்பட்டது. பெரும்பாலோருக்கு 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

மயலின் உறையை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையோடு ஒப்பிடுவது வழக்கம். புரிந்துகொள்ளத் தொடங்க அந்த உவமை போதும், ஆனால் நம் கேள்விக்கு வரும்போது அது நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போய்விடும். உறை உரிந்தாலும் கம்பிக்குள் இருக்கும் செம்புக்கு ஒன்றும் ஆகாது. நரம்பிழையோ உயிருள்ள பொருள். மயலினை உண்டாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்கள்தாம் அந்த இழைக்கு எரிபொருள் ஊட்டுவதிலும் கைகொடுக்கின்றன. உறை போனால் இழைக்குப் பாதுகாப்பும் போகிறது, ஊட்டமும் குறைகிறது. அதே நேரத்தில் அதன் செலவு கூடுகிறது. உறை உள்ள இழையில் மின்துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்வதால் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகம் கிடைக்கிறது, சோடியம் உள்ளே வரும் வாயில்களும் அந்தச் சின்ன இடைவெளிகளில் மட்டுமே இருக்கின்றன. உறை உரிந்த இழையில் அந்த வாயில்கள் நெடுகப் பரவுகின்றன. உள்ளே பாயும் சோடியத்தை வெளியேற்ற இழை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஆற்றல் தீர்ந்து, சோடியம் தேங்கி, அதற்கு மாற்றாகக் கால்சியம் உள்ளே வருகிறது. அளவு மீறிய கால்சியம் செல்லைத் தன்னையே செரிக்க வைக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது.

இப்படி இழைகள் அறுந்துபோவது நோயின் கடைசிக் கட்டத்தில் மட்டும் நடப்பதன்று. வீக்கம் மும்முரமாக உள்ள திட்டுகளிலேயே அறுந்த நரம்பிழைகள் ஏராளமாக இருப்பதை புரூஸ் டிராப்பும் அவர் குழுவினரும் 1998-இல் நுண்ணோக்கியின் கீழ் காட்டினார்கள். மயலின் ஓரளவு மீண்டும் வளரும். அறுந்த இழை மூளையில் மீண்டும் வளர்வதில்லை. நடை தளர்வதும், மூளை ஆண்டுதோறும் வழக்கத்தைவிட வேகமாகச் சுருங்குவதும் இந்த இழப்பின் வெளித்தோற்றங்கள். இன்று கையில் உள்ள மருந்துகளில் பெரும்பாலானவை தாக்கவரும் செல்களைத் தடுப்பவை. அவற்றால் திடீர்த் தாக்குதல்கள் வெகுவாகக் குறைகின்றன. ஆனால் தாக்குதல் ஓய்ந்த பின்னும் மெல்ல மெல்ல நடக்கும் நரம்பிழப்பை நிறுத்துவதில் அவை அவ்வளவாகப் பயன்படவில்லை. நரம்புக் காப்பு மருந்தை ஆய்வாளர்கள் தேடி அலைவதற்கு இந்த வெற்றிடமே காரணம்.

கஞ்சாச் செடி இந்தத் தேடலுக்குள் வந்தது, நம் மூளை தனக்கெனவே கஞ்சாவை ஒத்த ஒன்றைச் செய்துகொள்கிறது என்ற கண்டுபிடிப்பின் வழியாக. செடியில் கன்னாபினாய்டுகள் எனப்படும் சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. அவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் இங்கே போதும்: போதை தரும் டிஎச்சி, போதை தராத சிபிடி. டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை 1964-இல் இஸ்ரேலில் வெளியிட்டவர்கள் ரஃபேல் மெகூலமும் யெகியேல் கவோனியும். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1988-இல் அமெரிக்காவில் அலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் அதற்கான ஏற்பியை, அதாவது செல்லின் மேல் பூட்டுபோல் இருந்து அதை ஏற்கும் மூலக்கூறை, கண்டறிந்தனர். இன்று அதன் பெயர் சிபி1. முக்கியமாக நோய் எதிர்ப்பு செல்களில் காணப்படும் சிபி2 என்ற இன்னோர் ஏற்பி 1993-இல் அடையாளம் காணப்பட்டது. செடியில் விளையும் ஒரு பொருளுக்காக மூளை பூட்டு செய்து வைத்திருக்காது. உள்ளேயே ஒரு சாவி இருக்க வேண்டும். 1992-இல் மெகூலமின் ஆய்வகத்தில் அது கிடைத்தது. அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள ஆனந்தம் நாம் அறிந்த அதே ஆனந்தம்தான். வடமொழியிலிருந்து தெரிந்தே எடுத்தது. 2-ஏஜி என்ற இன்னொன்று 1995-இல் கண்டறியப்பட்டது. இவற்றை அகக் கன்னாபினாய்டுகள் என்று சொல்லலாம்.

இந்த அகக் கன்னாபினாய்டுகள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் ஊற்றுவார், இலையின் முன் இருப்பவர் வாங்கிக்கொள்வார். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்திலும் செய்தி இப்படி ஒரே திசையில்தான் போகிறது. முன்னால் இருக்கும் அணு குளூட்டமேட் என்ற பொருளை விடுவிக்க, பின்னால் இருக்கும் அணு அதை வாங்கித் துடிக்கிறது. போதுமான அளவு வந்ததும், சாப்பிடுபவர் இலைக்கு மேல் கையை நீட்டிப் "போதும்" என்பாரல்லவா, அந்தக் கைதான் அகக் கன்னாபினாய்டு. வாங்கும் அணுவே அதை அந்த நொடியில் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. அது ஊற்றும் அணுவின் முனையில் உள்ள சிபி1 ஏற்பியில் ஒட்டி, குளூட்டமேட் வருவதைக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதை உடனே சிதைத்துவிடுகின்றன. இந்தப் பின்னோக்கிய செய்தியை 2001-இல் தனித்தனியே பல ஆய்வகங்கள் உறுதிப்படுத்தின.

குளூட்டமேட் நச்சன்று. அஜினமோட்டோவின் சுவைக்குக் காரணமான அதே மூலக்கூறுதான் அது. (சாப்பாட்டில் சேர்வது மூளைக்குள் எளிதில் நுழையாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.) ஆனால் வீக்கம் உள்ள இடத்தில் நிலைமை வேறு. அங்கே குவியும் நோய் எதிர்ப்பு செல்களும் குளூட்டமேட்டை வெளியேற்றுகின்றன, அதை அள்ளி அப்புறப்படுத்த வேண்டிய துணைச் செல்களோ சோர்ந்திருக்கின்றன. இலை நிரம்பி வழிகிறது. வாங்கும் அணுவின் வாயில்கள் மூடாமல் கிடக்க, கால்சியம் உள்ளே கொட்டுகிறது. முன்பு உறை உரிந்த இழையில் பார்த்த அதே சாவுப் பாதை இங்கும் திறக்கிறது. மயலினை உண்டாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும் மிகுதியான குளூட்டமேட்டைத் தாங்க மாட்டாமல் மடிகின்றன. அப்படியானால், "போதும்" என்ற கையை வெளியிலிருந்து மருந்தாகக் கொடுத்து வலுப்படுத்தினால் நரம்பணு பிழைக்காதா? நரம்புக் காப்புக் கருதுகோளின் மையம் இந்தக் கேள்விதான்.

விலங்குகளில் இதைச் சோதிக்க ஒரு மாதிரி நோய் உண்டு. எலிக்கோ கினிப்பன்றிக்கோ மயலின் புரதத்தை ஊசியால் செலுத்தி, அதன் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தன் மூளையின் மீதே ஏவிவிடுவார்கள். ஒன்றிரண்டு வாரங்களில் முதலில் எலியின் வால் நுனி துவளும், பிறகு வால் முழுவதும் கயிறுபோல் தொங்கும், அதன்பின் பின்னங்கால்கள் இழுபடும். ஆய்வாளர் தினமும் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து மதிப்பெண் போடுவார். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் உண்டாக்கப்பட்ட விலங்குகளுக்கு டிஎச்சி கொடுத்தபோது 95 விழுக்காட்டுக்கும் மேல் பிழைத்தன; கொடுக்கப்படாதவற்றில் ஏறத்தாழ எல்லாமே மாண்டன. அசத்தும் எண்கள்தாம். ஆனால் அவை நரம்புக் காப்பைக் காட்டவில்லை. டிஎச்சி அதிக அளவில் நோய் எதிர்ப்பையே அடக்கிவிட்டது. தாக்குதலே நடக்காவிட்டால் நரம்பு தாங்கிற்றா என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டியது லண்டனில் கேரத் பிரைஸ், டேவிட் பேக்கர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. சிபி1 ஏற்பியே இல்லாமல் மரபணு நீக்கப்பட்ட எலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த எலிகள் வீக்கத்தைத் தாங்க முடியாமல் இயல்பான எலிகளைவிட அதிக நரம்பிழப்புக்கு ஆளாயின. அதாவது, வெளியிலிருந்து எதையும் கொடுக்காமலேயே, மூளையின் சொந்தக் கன்னாபினாய்டு ஏற்பாடு நரம்பைக் காத்துக்கொண்டிருந்தது என்பது அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டபோது தெரிந்தது. 2007-இல் இன்னொரு குழு, வீக்கத்தைக் கட்டுப்படுத்த நரம்பணுவில் உள்ள சிபி1, டி செல்லில் உள்ள சிபி2 ஆகிய இரண்டுமே வேண்டும் என்று காட்டியது. என் பார்வையில், இந்தத் துறையில் மிக உறுதியாக நிற்பது இந்தப் பகுதிதான். இதில் ஐயப்பட அதிகம் இல்லை.

சிபிடி வேறு வழியில் வருகிறது. அது சிபி1-இல் நேரடியாக அவ்வளவு ஒட்டாது. ஆய்வகத் தட்டில் வளர்த்த நரம்பணுக்களைக் குளூட்டமேட்டின் நச்சுத்தன்மையிலிருந்து அது காத்ததை 1998-இல் ஐடன் ஹாம்ப்சன், நோபல் பரிசு பெற்ற ஜூலியஸ் ஆக்சல்ராட் உள்ளிட்டோர் காட்டினார்கள். அதன் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் தன்மையே காரணம் என்றார்கள். இதை ஒட்டி அமெரிக்க அரசுக்கு 2003-இல் ஒரு காப்புரிமையும் கிடைத்தது. "கஞ்சா நரம்பைக் காக்கும் என்று அமெரிக்க அரசே காப்புரிமை வாங்கியிருக்கிறது" என்று அவ்வப்போது பரவும் தகவலுக்கு வேர் இதுதான். தகவல் பொய்யில்லை. ஆனால் ஒரு கருத்து புதியது, பயன்படக்கூடியது என்பதற்குக் கிடைப்பதே காப்புரிமை. நோயாளியிடம் அது வேலை செய்தது என்பதற்கு அது சான்றாகாது.

இனி மனிதர்கள். கஞ்சாவைத் தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை மேற்கத்திய மருத்துவத்துக்கு எடுத்துச் சென்றவர், கல்கத்தாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷாக்னசி. இரண இசிவு (டெட்டனஸ்) நோயாளிகளின் உடல் முறுக்கம் தளர்வதை அவர் 1839-இல் எழுதினார். இன்றைய முறைப்படியான பெரிய சோதனை பிரிட்டனில் ஜான் சாயிசெக் தலைமையில் நடந்து 2003-இல் வெளியானது. 33 மையங்களில் 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு 15 வாரங்கள் கஞ்சாச் சாறோ, டிஎச்சியோ, மருந்தில்லாத போலி மாத்திரையோ கொடுக்கப்பட்டது. மருத்துவர் நோயாளியின் முழங்காலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டி, எவ்வளவு எதிர்ப்பு தெரிகிறது என்பதற்கு 0 முதல் 4 வரை எண் கொடுப்பார். ஆஷ்வொர்த் அளவுகோல் என்பது இதுதான். அந்த எண்ணில் சொல்லத்தக்க மாற்றம் வரவில்லை. ஆனால் "இறுக்கம் குறைந்திருக்கிறதா?" என்று நோயாளிகளையே கேட்டபோது, கன்னாபினாய்டு எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். தலைச்சுற்றலும் வாய் உலர்வதும் வந்தாலே தாம் எதை விழுங்குகிறோம் என்று நோயாளி ஊகித்துவிடலாம் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். முழங்காலை மடக்கிப் பார்க்கும் கைக்குத் தெரியாத ஒரு நிம்மதி இரவில் தூங்க முயலும் நோயாளிக்குத் தெரியலாம் என்பதும் நியாயமான வாதமே.

அந்த நிம்மதிக்காகவே, டிஎச்சியும் சிபிடியும் ஏறத்தாழச் சம அளவில் கலந்த நபிக்சிமால்ஸ் என்ற வாய்த்தெளிப்பு 2010-இல் பிரிட்டனில் அனுமதி பெற்றது. ஒரு தெளிப்பில் 2.7 மில்லிகிராம் டிஎச்சியும் 2.5 மில்லிகிராம் சிபிடியும் இருக்கும்; ஒரு நாளைக்கு 12 தெளிப்புக்கு மேல் கூடாது. நாக்கின் கீழோ கன்னத்தின் உட்புறமோ அடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சாராயம் இருப்பதால் எரியும், புதினா எண்ணெயின் மணமும் வரும். மற்ற மருந்துகள் கைகொடுக்காதவர்களுக்கு மட்டும், நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, நோயாளி சொல்லும் இறுக்க அளவு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் தொடரலாம் என்பது அந்நாட்டு வழிகாட்டுதல். இதெல்லாம் அறிகுறிக்கான சிகிச்சை. இந்தத் தெளிப்பை எடுப்பவரின் நரம்பிழைகள் காப்பாற்றப்படுகின்றன என்று இந்த அனுமதியில் எங்கும் சொல்லப்படவில்லை.

நரம்புக் காப்பை மட்டுமே குறிவைத்த சோதனை ஒன்று உண்டு. அதன் பெயர் கியூபிட். அதே சாயிசெக் குழுவினர் நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். பிரிட்டனின் 27 மையங்களில், நோய் படிப்படியாக முற்றும் வகையைச் சேர்ந்த ஏறத்தாழ 500 பேருக்கு மூன்று ஆண்டுகள் டிஎச்சி மாத்திரையோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். டிஎச்சியின் உச்ச அளவு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம். இயலாமையை 0 முதல் 10 வரை அளக்கும் இடிஎஸ்எஸ் அளவுகோலில் சேர்ந்தவர்கள் எல்லாரும் 4-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தார்கள். 4 என்றால் துணையின்றி ஏறத்தாழ 500 மீட்டர் நடக்க முடியும். 6 என்றால் 100 மீட்டருக்கே ஒரு கைத்தடி தேவைப்படும். முடிவு இதுதான்: டிஎச்சி எடுத்த 329 பேரில் 145 பேருக்கு இயலாமை கூடியது, போலி மாத்திரை எடுத்த 164 பேரில் 73 பேருக்குக் கூடியது. இரண்டுமே ஏறத்தாழ 44 விழுக்காடு. எந்த வேறுபாடும் இல்லை.

எலியில் அவ்வளவு தெளிவாக இருந்தது மனிதரில் ஏன் காணாமல் போயிற்று? இதற்கு ஒரே விடை இல்லை. எலிக்கு உடல் எடையின் விகிதத்தில் கொடுக்கும் அளவை மனிதருக்குக் கொடுக்க முடியாது; பந்தி உவமைக்கே திரும்பினால், மூளையின் சொந்த ஏற்பாடு நிரம்பிய இலைக்கு மேல் மட்டும் கையை நீட்டுகிறது, வெளியிலிருந்து விழுங்கும் டிஎச்சியோ பந்தி முழுவதிலும், இன்னும் சோறே விழாத இலைகளுக்கு மேலும், ஒரே நேரத்தில் கையை நீட்டிவிடுகிறது. மயக்கமும் தடுமாற்றமும் மறதியும் அப்படித்தான் வருகின்றன, அவையே அளவுக்கு வரம்பு கட்டிவிடுகின்றன. இன்னொரு காரணம், கியூபிட்டில் போலி மாத்திரை எடுத்தவர்களின் நோயும் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே முற்றியது. வேகமாக ஓடாத ஒன்றை மருந்து தடுத்து நிறுத்தியதா என்று எப்படிப் பார்ப்பது? சேரும்போதே இயலாமை குறைவாக இருந்த சிறு பிரிவினரிடம் டிஎச்சிக்குச் சாதகமான ஒரு சாயல் தெரிந்தது. ஆனால் முடிவு வந்தபின் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட சாயல்கள் தற்செயலாகவும் தோன்றும் என்பதால், அதை அடுத்த சோதனைக்கான கேள்வியாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

தோல்வி கன்னாபினாய்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். குளூட்டமேட் வெளியேற்றத்தைக் குறைக்கும் ரிலுசோல் உட்பட மூன்று மருந்துகளை 445 நோயாளிகளிடம் சோதித்த எம்எஸ்-ஸ்மார்ட் ஆய்வு 2020-இல் வெளியானது. 96 வாரங்களில் மூளைச் சுருக்கத்தை மூன்றில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. இது எனக்கு உணர்த்துவது, குளூட்டமேட் குழாயை ஓரளவு மூடுவது மட்டும் மனித மூளையில் போதவில்லை என்பதே. கால்சியத்துக்கு வேறு வாயில்களும் உண்டு, ஆற்றல் பற்றாக்குறை அதன் பாட்டுக்குத் தொடர்கிறது.

புகைப்பவர்களைப் பற்றித் தனியே ஒரு சொல். கனடாவின் டொரான்டோவில் அந்தோனி ஃபைன்ஸ்டைன் குழுவினர், அடிக்கடி கஞ்சா பயன்படுத்திவந்த 40 தண்டுவட மரப்பு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் 28 நாட்கள் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர்களுடைய நினைவாற்றலும் சிந்தனை வேகமும் தெளிவாக மேம்பட்டன. தொடர்ந்தவர்களிடம் அந்த மேம்பாடு இல்லை. 2019-இல் வெளியான இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்றால், இந்த நோய் ஏற்கெனவே பலரின் நினைவையும் கவனத்தையும் அரித்துக்கொண்டிருக்கிறது. நரம்பைக் காக்கிறேன் என்று எண்ணிப் புகைப்பவர் அன்றாடம் அனுபவிப்பது இதற்கு நேர்மாறானதாக இருக்கலாம். இந்தியாவில் இருப்பவருக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் செடியின் பூக்கும் நுனியும் அதன் பிசினும் அடங்குகின்றன, தனியே எடுத்த இலையும் விதையும் மட்டுமே அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் டிஎச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு என்று அதை விற்பவருக்கே தெரியாது. மேலே சொன்ன எந்தச் சோதனையின் முடிவையும் அந்தப் பொட்டலத்தோடு பொருத்திப் பேச முடியாது.

ஆய்வு நின்றுவிடவில்லை. வெளியிலிருந்து டிஎச்சியைக் கொட்டாமல், ஆனந்தமைடையும் 2-ஏஜியையும் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து, மூளை எங்கே "போதும்" என்கிறதோ அங்கே மட்டும் அந்தக் கை இன்னும் சற்று நேரம் நீண்டிருக்கச் செய்யலாமா என்று ஒரு சாரார் பார்க்கிறார்கள். போதையை உண்டாக்காத சிபி2 ஏற்பியை மட்டும் தூண்டும் மருந்துகளை இன்னொரு சாரார் தேடுகிறார்கள். இவை பெரும்பாலும் ஆய்வகக் கட்டத்திலேயே இருக்கின்றன. நோய் முற்றும் வகைக்கான நரம்புக் காப்பு மருந்துகளைச் சோதிக்க 2023-இல் பிரிட்டனில் ஆக்டோபஸ் என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. ஒரே நேரத்தில் பல மருந்துகளை ஓடவிட்டு, தேறாததை நடுவிலேயே கழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதைச் சேர்க்கும் அமைப்பு அது. அதில் முதலில் இடம்பெற்றவை சர்க்கரை நோய்க்கு நம் வீடுகளில் விழுங்கும் மெட்ஃபார்மினும், ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும். கஞ்சாவிலிருந்து வந்த எதுவும் அந்த முதல் பட்டியலில் இல்லை.